மஞ்சள் நூல் கட்டிய கரண்டி

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு கரண்டி உண்டு. காம்பில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும். அதை யாரும் தொடக் கூடாது. தெரியாமல் தொட்டுவிட்டால் கூடப் பெரியவள் வீட்டை ரெண்டாக்கிவிடுவாள்.

பெரியவள் என்றால் வீட்டின் மூத்த மருமகள். மாமியார் இல்லாத வீடு. அதனால் மாமியார் பார்க்க வேண்டிய அதிகாரத்தையும் அவளே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் லாரி டிரைவர். அவளுக்கு தார்ப்பாய் தைக்கிற பட்டறையில் வேலை. கொழுந்தன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற பெண். கறியும் மீனுமாகப் புழங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள் போன வருஷம் வந்து சேர்ந்த ஒரே சைவம் அவள்தான்.

சைவத்துக்குச் சாமியும் காரணமில்லை, டாக்டரும் காரணமில்லை. சின்ன வயதில் ஒரு கோழியோடு ரொம்பச் சிநேகமாக இருந்தாளாம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கோழியைக் காணோம், அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு விட்டதுதான். அதற்கப்புறம் கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து பெரியவளுக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு வந்த பெண் நம் வீட்டில் மனசு கோணாமல் சாப்பிட வேண்டும். சின்னவளுக்கென்று தனிச் சட்டி, தனித் தட்டு, தனிக் கரண்டி வந்தது. அடையாளத்துக்குப் பட்டறையிலிருந்து மஞ்சள் நைலான் நூலைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் கட்டினாள். ஃபிரிட்ஜில் மேல் தட்டு சின்னவளுக்கு. அங்கே ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தாலும் மெக்கானிக் என்றும் பார்க்காமல் கொழுந்தனுக்கு அர்ச்சனை விழும்.

டிரைவர் பாடுதான் திண்டாட்டம். அவர் லாரியில் ஏற்றுவது எலும்பும் தோலும். கறி வெட்டுகிற கூடங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் பின்வாசலில் கொட்டிவிட்டு வருவார். அந்த வாடை சட்டையில் மட்டும் நிற்காது, பேச்சிலும் வரும் என்பாள் பெரியவள். அதனால் அவர் கொல்லைக் குழாயடியில் குளித்து, சட்டையை மூடி போட்ட வாளிக்குள் அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். மழையானாலும் சட்டம் சட்டம்தான்.

இத்தனை கட்டுக்காவலும் ஒரு பால் புட்டிங்கில்தான் பலன் கொடுத்தது. வேறு எதைச் செய்து வைத்தாலும் மரியாதைக்கு ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துபோகிற சின்னவள், அதை மட்டும் வழித்து வழித்துத் தின்றாள். முதன்முதலில் "அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டதும் அந்தக் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டபோதுதான். பாலும் சர்க்கரையும் கொஞ்சம் வெள்ளைப் பொடியும், அவ்வளவுதான் சங்கதி. பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, சூடான பாலில் கரைத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் அல்வாத் துண்டு மாதிரி நின்றுவிடும். வாயில் போட்டால் போன இடம் தெரியாது.

அந்தப் பொடி டிரைவர் கொண்டுவந்தது. சுமை இறக்குகிற தொழிற்சாலையில் லாரிக்காரர்களுக்கு அவ்வப்போது ஒரு டப்பா இனாமாகக் கொடுப்பார்கள். டப்பாவில் பூவும் பழமும் படம் போட்டு, ஜெலட்டின் என்று பெரிதாக எழுதியிருக்கும். அது கம்பெனிப் பெயர் என்று பெரியவள் நினைத்திருந்தாள். டிரைவரோ, "அவங்களுக்கு ரெண்டு யாவாரம். எலும்பெல்லாம் பசைக்கும் உரத்துக்கும் போகுது. இது முன்பக்கம் செய்யுற பலகாரப் பொடி" என்று தன் பங்குக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். அவர் முன்பக்கம் போனதே கிடையாது.

சின்னவள் மாசமானதும் புட்டிங் இன்னும் பெரிய விஷயமாகிவிட்டது. சோறு வாடையே ஆகவில்லை. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. வயிற்றில் தங்கியது பெரியவளின் பால் புட்டிங் ஒன்றுதான். பெரியவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் கூட. பட்டறையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் கையால குடுத்தாத்தான் எங்க சின்னது சாப்பிடுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்படியிருக்கையில் டப்பா தீர்ந்துகொண்டு வந்தது. அடியில் ஒரு புட்டிங்குக்குத்தான் பொடி மிச்சம். இனாம் வருகிறவரை எங்கே காத்திருப்பது? பெரியவள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, தொழிற்சாலையின் முன்வாசலில் போய் இறங்கினாள்.

முன்வாசலைப் பார்த்ததும் அவளுக்குப் பரம திருப்தி. புல்தரை, பூச்செடி, கண்ணாடிக் கதவு. உள்ளே சின்னதாக ஒரு விற்பனைக் கூடம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண்ணுக்கு வேலையில் அப்படி ஓர் ஆர்வம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம் இல்லை.

"எதுல செஞ்சது வேணும்க்கா? மாடா, பன்னியா, மீனா?" என்றாள்.

"புட்டிங்குக்குப் போடுற பொடிம்மா" என்றாள் பெரியவள், அந்தப் பெண்ணுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு.

"அதான்க்கா, ஜெலட்டின். பன்னி ஆகாதவங்களுக்கு மாட்டுல தனியா வச்சிருக்கோம். மாடு ஆகாதவங்களுக்கு மீன் தோல்ல செஞ்சது இருக்கு. விலை மட்டும் கொஞ்சம் கூட."

பெரியவள் கொஞ்சம் கிட்டே போனாள். "இது எதுலேருந்தும்மா எடுக்கறீங்க?"

சுவரில் பெரிய படம் இருந்தது. அந்தப் பெண் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பாடமே நடத்திவிட்டாள். எலும்பை நொறுக்கிக் கொழுப்பை எடுப்பார்களாம். அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்புச் சத்தைக் கழற்றுவார்களாம். அப்புறம் வாரக்கணக்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறல். தோல் என்றால் அதற்கு வேறு கணக்கு. கடைசியில் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுச் சாறு இறக்கி, வடிகட்டி, காயவைத்துப் பொடிப்பார்களாம்.

"கொம்பு, குளம்பு எல்லாமா?" என்று கேட்டாள் பெரியவள்.

"ஐயோ, அதுல எல்லாம் இது வராதுக்கா. அது சும்மா கிளப்பி விட்டது. எலும்பும் தோலும்தான்."

"பால் மாதிரி இதையும் சைவத்துல சேத்துக்க முடியாதாம்மா?"

"பாலுக்கு மாட்டை உரிக்க வேண்டாமேக்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "சைவக்காரங்களுக்கு மட்டும் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. ஜெல்லி மிட்டாய், மருந்து கேப்சூல் ஓடு வரைக்கும் இதுதான் போகுது. அவங்களுக்குக் கடல்பாசின்னு ஒண்ணு இருக்கு, நரை முடி மாதிரி நூல் நூலா இருக்கும். கடலுக்கடியில வளர்ற செடிலேருந்து எடுக்கறது. மளிகைக் கடையிலயே கிடைக்கும்."

பெரியவள் வேறெங்காவது பார்க்கலாமென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பாமலே இருந்திருக்கலாம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி பின்புறமாக வந்து நின்றுகொண்டிருந்தது. நீலத் தார்ப்பாய், ஓரமெல்லாம் மஞ்சள் தையல். நீல நூல் தீர்ந்துபோன அன்றைக்கு அவளே மஞ்சள் நூலை மாட்டித் தைத்த தார்ப்பாய் அது. தையல் ஒரு இடத்தில் கோணியிருப்பது கூட அங்கிருந்து தெரிந்தது. லாரியிலிருந்து இறங்கிய அவள் கணவர் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்து, அடியிலிருந்ததைச் சரித்துக் கொட்டினார்.

ஒரு வருஷமாக அவர் பின்வாசலில் கொட்டியதைத்தான் இவள் மஞ்சள் நூல் கட்டிய கரண்டியால் அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறாள். வாடை வரக் கூடாதென்று மனுஷரைக் குழாயடியில் நிற்க வைத்துவிட்டு, எலும்பை ஃபிரிட்ஜின் மேல் தட்டில் உட்கார வைத்திருக்கிறாள். பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, நடுவில் சனியன் பிடித்த மாதிரி சிரிப்பும் வந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டாள். சொல்லப் போவதில்லை. தெரியாமல் உள்ளே போனது தெரியாமலே போகட்டும். வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கிற பிள்ளைத்தாய்ச்சியிடம் போய் எலும்பு, தோல் என்று பேசினால் இருக்கிற ஒரு வாய் சாப்பாடும் நின்றுபோகும். கடல்பாசியில் செய்து அதே கிண்ணத்தில் வைத்துவிடுவோம், கதை முடிந்தது. மளிகைக் கடையில் ஒரு கட்டு கடல்பாசியும் வாங்கியாயிற்று.

கடல்பாசி அவ்வளவு சுலபத்தில் வசத்துக்கு வருகிற சாமான் இல்லை. பழைய பொடியைப் போலவே அதையும் ஊறவைத்துச் சூடான பாலில் போட்டுக் கலக்கினாள். பால் பாலாகவே இருந்தது, நூல் நூலாகவே மிதந்தது. மளிகைக்காரருக்குப் போன் போட்டால், "அதைத் தளதளன்னு கொதிக்க வைக்கணும்மா, நூல் கண்ணுக்கே தெரியக் கூடாது" என்றார். மறுபடி தண்ணீரில் போட்டு விடாமல் கொதிக்கவைத்துப் பாலில் ஊற்றினாள். குறைவாகப் போட்டு நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இருந்த கடல்பாசியில் பாதியைப் போட்டிருந்தாள். ஃபிரிட்ஜில் வைக்கும் முன்னே, மேடையிலேயே இறுகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கொழுந்தன் அதை ஆசையாக வெட்டி எடுக்கப் போனான். துண்டு கைநழுவித் தரையில் விழுந்து, எகிறி, அலமாரிக்கடியில் ஓடிப்போனது.

"அண்ணி, இது புட்டிங்கா, பந்தா?"

"தின்னுட்டுப் போடா தம்பி, பேசாம."

"அடிக்க மட்டையும் குடுங்க."

பெரியவள் அவனை முறைத்தாள். பிறகு அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தவன் முகம் தொங்கிப்போயிற்று. "அண்ணி, அவகிட்ட சொல்லிடாதீங்க. செத்துடுவா" என்றான்.

"நான் என்ன கூறுகெட்டவளா?" என்றாள் பெரியவள். சொல்லக் கூடாதென்றுதான் அவளும் அப்போது நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவை அளவு சரியாக வந்தது. வெள்ளை வெளேரென்று, தட்டினால் லேசாக ஆடிக்கொண்டு, பார்த்தால் பழையதற்கும் இதற்கும் வித்தியாசமே சொல்ல முடியாது. கரண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பழைய நூலை அறுத்துப் போட்டுவிட்டுப் புது மஞ்சள் நூல் கட்டினாள். சின்னவள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் கிண்ணத்தை முன்னால் வைத்தாள்.

சின்னவள் ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். கரண்டியைப் பார்த்தாள்.

"என்னம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா கரையவே மாட்டேங்குது. கடிச்சுச் சாப்பிட வேண்டியிருக்கு." கெஞ்சுகிற மாதிரி சிரித்தாள். "நாள் பூரா இதை நெனச்சுட்டேதான் வேலை பார்த்தேன். பழைய மாதிரி செஞ்சு தாங்களேன்."

"பொடி தீர்ந்துபோச்சு."

சின்னவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் இருக்கேக்கா! ஒரு தடவைக்கு வரும்."

டப்பாவை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவனும் வேலை முடிந்து வந்திருந்தான்; வாசல் நிலையில் சாய்ந்திருந்த கொழுந்தன், பேசாமல் செய்து கொடுத்துவிடுங்கள் என்று கண்ணாலேயே கும்பிட்டான். பெரியவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். அடுப்பைக் கூடப் பற்றவைத்துவிட்டாள். பால் பாத்திரத்தை எடுத்தபோது கை மேற்கொண்டு ஓடவில்லை. நேற்று வரை செய்தது தெரியாமல் செய்தது. இப்போது செய்தால் தெரிந்தே செய்வது. அந்தக் கோழியைச் சட்டியில் போட்டவர்களும் பிள்ளைக்கு நல்லதென்றுதான் போட்டிருப்பார்கள் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

அடுப்பை அணைத்தாள்.

"இது எலும்பும்மா" என்றாள். "மாட்டெலும்பு. தோலும் இருக்கும், பன்னியா மாடான்னு தெரியல. உன் மாமா லாரியில கொண்டு போய்க் கொட்டுறாரே, அதுல செஞ்ச பொடி. இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும். என் கண்ணால பார்த்துட்டேன். ஒரு வருஷமா உனக்கு இதைத்தான் குடுத்திருக்கேன்."

சின்னவள் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தாள். "அதுல இல்ல, அது கடல்பாசி" என்று பெரியவள் அவசரமாகச் சொன்னாள். சின்னவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

"சொல்லாதீங்கன்னு சொன்னேனே அண்ணி" என்றான் கொழுந்தன். பெரியவள் டப்பாவிலிருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண் இனி நம் கையால் பச்சைத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டாள் என்று நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு வலித்தது. இதற்கிடையில் கொல்லையில் டிரைவர் வந்து சேர்ந்தார். கொழுந்தன் போய் விஷயத்தைச் சொல்ல, "நான்தான் கொண்டு போனேன், நான்தான் கொண்டு வந்தேன், ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்று அவர் குழாயடியில் நின்றுகொண்டு புலம்புவது உள்ளே வரை கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சின்னவள் மூக்கு சிவந்து வந்தாள். கை நிறையச் சாமான். பெரியவள் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தாள்: டாக்டர் எழுதிக்கொடுத்த கேப்சூல் அட்டை, கைப்பையில் வைத்திருந்த ஜெல்லி மிட்டாய், பிறகு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"இதுல எதெதுல இருக்குக்கா?"

பெரியவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "மிட்டாயில நிச்சயமா இருக்கு" என்றாள் மெதுவாக. "மாத்திரை ஓட்டுல இருக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நீயா நிறுத்திடாத. நாளைக்கே டாக்டரம்மாகிட்டப் போய் வேற மாத்திரை கேப்போம். பிஸ்கட் தெரியல, விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

"சரி. நீங்க சொன்னா சாப்பிடுறேன்."

"என் மேல கோவம் இல்லையா?"

"நெறையக் கோவம்க்கா. யார் மேலன்னுதான் தெரியல." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கோழி விஷயம் இருக்கே... அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் சட்டியில இருந்தது அதுதான்னு ஒருத்தரும் சொல்லல. டப்பாவை நீட்டினேன், நீங்க அடுப்பை அணைச்சீங்க பாருங்க. எனக்கு அது போதும்க்கா."

பெரியவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தாய் வீட்டிலிருந்து கிளம்பிய அன்றைக்குக் கூட அப்படி அழுததில்லை. சின்னவள்தான் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பிறகு கையை நீட்டி, அங்கேயே இருந்த கிண்ணத்தை எடுத்து, மஞ்சள் நூல் கரண்டியால் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றாள்.

"ரப்பர்தான்" என்றாள். "பரவால்ல, பழகிக்கலாம்."

வயிற்றில் தங்கியது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார்கள், தங்கியது.

"மாமா ஏன் இன்னும் வெளிய நிக்கிறாங்க?"

"குளிச்சுட்டுத்தான வரணும்."

"ஒரு வருஷமா எலும்பு நம்ம ஃபிரிட்ஜுல மேல் தட்டுல ராணி கணக்கா உக்காந்திருக்கு. அதைச் சுமந்துட்டு வந்த மனுஷர் மட்டும் எதுக்குக்கா மழையிலயும் பனியிலயும் கொல்லையில நிக்கணும்?" சின்னவள் குரலை உயர்த்தினாள். "மாமா! குளிக்க வேண்டாம், அப்படியே உள்ள வாங்க!"

டிரைவர் இரண்டாவது தடவை கூப்பிடக் காத்திருக்கவில்லை. அழுக்குச் சட்டையோடு, கண்கலங்கிப்போய், "அம்மா, உனக்குப் பெரிய மனசும்மா" என்றபடி சமையலறைக்குள் வந்து நின்றார். அவர் வந்து நிற்பதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது.

சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான்.

"மாமா," என்றாள் மூக்கைப் பிடித்த குரலிலேயே, "மனசாரத்தான் கூப்பிட்டேன். மூக்கு கேக்க மாட்டேங்குது. குளிச்சுட்டு வந்துடுங்களேன்."

பெரியவள் அழுத கண்ணோடு தரையில் கிடந்து சிரித்தாள். டிரைவர் வந்த வழியே கொல்லைக்குத் திரும்பினார். குழாயைத் திறந்துகொண்டே, "எனக்கும் அந்த ரப்பர்ல ஒரு கிண்ணம் எடுத்து வைங்க" என்று சத்தம் போட்டார்.